சாரத்து மாடியில் ஒரு சீன விருந்தாளி

புதுவைக்குப் போனால் கடற்கரையைப் பார்ப்பீர்கள். மணக்குள விநாயகரைத் தரிசிப்பீர்கள். செடி கொடிகளில் ஆசை உண்டானால் 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தாவரவியல் பூங்காவுக்கும் ஒரு நடை போவீர்கள். சாரத்துக்குப் போகும்படி யாரும் சொல்லமாட்டார்கள். நான் சொல்கிறேன். கடைகளையும் வாகன இரைச்சலையும் தாண்டி, உள் தெருக்களில் புகுந்து, மாடிகளை அண்ணாந்து பாருங்கள். தொட்டி தொட்டியாகக் குரோட்டன்ஸ்!

அப்படியொரு மாடியில்தான் அந்த விருந்தாளியைச் சந்தித்தேன். சீனத்து எல்ம் மரம். உயரம் இரண்டே சாண். ஆனால் குட்டையான அடிமரமும் விரிந்த கிளைகளுமாக, சாட்சாத் மரமேதான். இலை புளிய இலையைவிடச் சற்றுப் பெரிது. ஓரமெல்லாம் ரம்பப் பல். பல்லுக்குப் பல் வெள்ளை. இந்த ரகத்துக்கு ‘ஃப்ராஸ்டி’, அதாவது உறைபனி என்று பெயர். புதுவை வெயிலில் உறைபனி!

நம் ஊர் ஆயா மரம் இதற்கு ஒன்றுவிட்ட உறவு. காசு போன்ற வட்டச் சிறகுள்ள அதன் விதைகள் காற்றில் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பிய உறவினர்களின் கதைதான் சோகம். வண்டு சுமந்து வரும் ஒரு பூஞ்சை நோயால், 1960-களின் பிற்பகுதி தொடங்கிப் பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எல்ம்கள் மடிந்தன. சீனத்து எல்ம் அந்த நோயை நன்றாகவே தாங்கும்.

ஆனால் நம் விருந்தாளிக்கு ஆபத்து உள்ளேயே இருக்கிறது. இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. அது உணவு தயாரிக்காது. சாப்பிடுவது முழு இலை, சம்பாதிப்பது பச்சைப் பகுதி மட்டும். ஆகவே வளர்ச்சி மந்தம். எப்போதாவது முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பிவிட்டால், அது மளமளவென்று வளர்ந்து வெள்ளைக் கிளைகளை அமுக்கிவிடும். விதை போட்டும் இந்த ரகத்தை மீட்க முடியாது. கிளையை வெட்டி நட்டால்தான் உண்டு.

அந்தத் தொட்டியிலும் பச்சைக் கிளை ஒன்று கிளம்பியிருந்தது. அடியோடு வெட்டவேண்டும் என்று கத்தரியோடு நின்றார் வீட்டுக்காரர்.

“நோஞ்சானை வைத்துக்கொண்டு, நன்றாக வருகிறதை வெட்டுவார்களா?” என்றார் மனைவி.

“விட்டால் இரண்டு வருஷத்தில் வெள்ளையே இருக்காது!”

“பச்சை மரம்தானே? இருந்துவிட்டுப் போகட்டுமே!”

தீர்ப்புச் சொல்லும்படி இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். கத்தரி தொட்டி விளிம்பிலேயே கிடந்தது.