திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம்

சென்னையிலிருந்து தெற்கே கிளம்பும் மின்சாரக் காருக்குத் திண்டிவனம் சுமார் 125 கி.மீ., விழுப்புரம் சுமார் 160. சின்ன பேட்டரி வண்டி நெடுஞ்சாலை வேகத்தில், ஏ.சி.யும் ஓட, திருச்சிவரை தாங்காது. இந்த இரண்டு ஊர்ப் பக்கத்தில் சார்ஜ் போட்டே ஆகவேண்டும். புதுச்சேரிக்கும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் போகிறவர்கள் பிரிவதும் திண்டிவனத்தில்தான். இங்கே சார்ஜர்களைத் தள்ளித் தள்ளி வைப்பதைவிட, ஒரே இடத்தில் நான்கைந்து சார்ஜிங் கன் வைப்பதுதான் பயணிக்கு உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.

2020-இல் வந்த முதல் நெக்ஸான் இவி மின்சாரக் காருக்கு 30.2 கிலோவாட்-மணி பேட்டரி, டி.சி. சார்ஜரில் 80 சதவீதம் ஏற ஒரு மணி நேரம் என்று நிறுவனமே சொன்னது. பெட்ரோல் பங்கில் முன்வண்டி ஐந்து நிமிஷத்தில் நகர்ந்துவிடும். இங்கே முன்னால் ஒரே ஒரு கார் நின்றாலும் ஒரு மணி நேரம் போய்விடும். இரண்டு கன் தொங்குகிறதே என்று நம்பவும் முடியாது; 60 கிலோவாட் பெட்டி ஒன்றையே இரண்டு கார் பங்கிட்டால் பல இடங்களில் ஆளுக்கு 30தான். 80 சதவீதத்தைத் தாண்டியதும் திரையில் கிலோவாட் எண் மளமளவென்று இறங்கும். பேட்டரியைக் காக்கக் காரே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதன்பிறகும் நூறு வரட்டும் என்று கன்னைக் கழற்றாமல் இருப்பது, பின்னால் வெயிலில் குழந்தையோடு காத்திருப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கி.மீ.க்கு ஒரு சார்ஜிங் நிலையம் என்று மத்திய மின்துறை 2018 டிசம்பரிலேயே நெறிமுறை வகுத்ததே, ஒன்று பழுதானால் அடுத்ததுக்குப் போகலாமே என்பார்கள். முழு சார்ஜில் 250 கி.மீ. ஓடும் காரில் 10 சதவீதம் மிச்சம் என்றால் கையில் இருப்பது அதே 25 கி.மீ.தான். போய்ச் சேர்ந்த இடத்திலும் ஒரே கன், அதிலும் ஒரு கார் என்றால் என்ன செய்வது? நான்கு கன் ஒரே வளாகத்தில் இருந்தால் சராசரியாகக் கால் மணிக்கு ஒன்று காலியாகும். ஒன்று கெட்டாலும் மூன்று ஓடும். சாதாரண நாளில் சும்மா கிடக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் நிலைக்கட்டணமும் யார் தலையில் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் நான்கு ஊரில் நான்கு இணைப்பு வாங்கும் செலவும், நான்கு இடத்தைப் பராமரிக்கும் செலவும் இதில் மிச்சம். ஒரே இடம் என்றால் கூரை போடலாம், கழிப்பறை கட்டலாம், ராத்திரிக்கு ஒரு ஆளையும் வைக்கலாம். பொங்கல் கூட்டம் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் தேங்குவதை வருஷா வருஷம் பார்க்கிறோம். அதை ஒட்டி இப்படி ஒரு வளாகத்தை முதலில் கட்டட்டும்.