தாத்தாவின் திருகு பேனா

விருதுநகரில் எங்கள் தாத்தா ஒரு வத்தல் கமிஷன் கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பேரேடு எழுத அவரிடம் இரண்டு பேனாக்கள் உண்டு. ஒன்று எல்லாரிடமும் இருப்பது: கழுத்தைக் கழற்றி, ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக மை ஊற்ற வேண்டும். இன்னொன்று கொழும்போடு வியாபாரம் செய்த ஒருவர் அவருக்குக் கொடுத்தது. அதில் ஊற்றும் வேலையே கிடையாது. நிப்பை மைக்கூட்டில் முக்கிக்கொண்டு பேனாவின் வால்பக்கத்துக் குமிழைத் திருகினால் மை தானாக மேலேறும். பச்சையும் கறுப்புமாகக் கோடு ஓடிய உடம்பு. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே மை எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். பெயர் பொறித்திருந்த இடம் விரல் பட்டுப் பட்டே தேய்ந்துபோயிருந்தது.

தாத்தா கடையை விட்டு நின்றதும் அந்தப் பேனா மரப்பெட்டிக்குள் போனது. எழுபதுகளின் நடுவில், நான் ஆறாம் வகுப்புக்குப் போனபோது, அப்பத்தா அதை எடுத்து என் கையில் வைத்தாள். குமிழ் அசையவில்லை. உள்ளே மை காய்ந்து கருங்கட்டியாகக் கிடந்தது.

அதைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருந்தார். அம்மாவின் தம்பி, சாத்தூர் மாமா. நிப்புப் பட்டறைக்காரர்.

சாத்தூர் என்றால் சேவும் வெள்ளரிக்காயும்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். பேனா நிப்பும் அந்த ஊர்ச் சரக்குதான். தெருவுக்குள் நுழைந்தாலே வீட்டுத் திண்ணைகளில் கைப்பிரஸ் இறங்கும் சத்தம் கேட்கும். தகட்டுச் சுருளிலிருந்து நிப்பின் வடிவத்தை வெட்டி எடுப்பது ஒருவர், நடுவில் துளை போடுவது ஒருவர், எழுத்துப் பதிப்பது ஒருவர், வளைப்பது ஒருவர். கடைசியில் துளையிலிருந்து முனைவரை மயிரிழை அகலத்துக்குப் பிளவு போடுவார்கள். நிப்பின் உயிர் அந்தப் பிளவில்தான் இருக்கிறது. அது கொஞ்சம் அகன்றால் மை கொட்டும், நெருங்கினால் மையே வராது. மாமா ஒவ்வொரு நிப்பையும் கட்டைவிரல் நகத்தில் அழுத்தி, இரு பல்லும் ஒரே அளவு விரிகிறதா என்று பார்ப்பார். விருதுநகரில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதிய பேனாக்களில் பலவற்றின் நிப்பு அவரைப் போன்றவர்களின் விரல் வழியாகத்தான் வந்தது.

ஒரு சனிக்கிழமை ராத்திரி சேவுப் பொட்டலத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கியவரிடம் பேனாவைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பை வேட்டியில் பரபரவென்று தேய்த்து என் மூக்கருகே நீட்டினார். லேசாகக் கற்பூர வாசம்.

“செல்லுலாய்டு, மாப்ள. பஞ்சையும் அமிலத்தையும் சேத்துச் செய்யிறது. கற்பூரமும் சேரும். இத விளக்குக்கிட்டக் கொண்டு போயிராத. பட்டாசு ஆபீஸ்ல எப்படி இருப்பமோ அப்படி இருக்கணும்.”

எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையையும் தீப்பெட்டித் தொழிற்சாலையையும் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மாமா சொன்னது வெறும் பயமுறுத்தல் இல்லை. நைட்ரிக் அமிலத்தில் பஞ்சை ஊறவைத்து வரும் பொருளில் நைட்ரஜன் கூடினால் வெடிபஞ்சு, குறைவாக இருக்கும்போது கற்பூரம் சேர்த்துப் பிசைந்தால் செல்லுலாய்டு. சினிமாச் சுருளும் பிங்பாங் பந்தும் பேனாவும் அந்தக் காலத்தில் அதில்தான் பிறந்தன.

ராத்திரி முழுக்கப் பேனாவின் வாய்ப்பக்கத்தைப் பச்சைத்தண்ணீரில் நிறுத்திவைத்தார். வெந்நீர் ஏன் கூடாது என்று கேட்டேன். கழுத்து எபோனைட்; ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கியது. வெந்நீர் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். மத்தாப்பிலும் புஸ்வாணத்திலும் பார்த்த கந்தகம் நான் பிடித்து எழுதும் பேனாவுக்குள்ளும் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. கந்தக பூமி என்று எங்கள் ஊரை வெயிலுக்காகத்தான் சொல்கிறார்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் தண்ணீர் நீலமாகிக் கிடந்தது. மாற்றி மாற்றி ஊற்றினோம், தெளியும்வரை. பிறகு பேனாவைத் துணியில் சுருட்டி மொட்டை மாடித் தளத்தில் வைத்தார். மரையில் அரக்கு வைத்து ஒட்டியிருப்பார்களாம். அரக்கு இளகச் சூடு வேண்டும். நெருப்பைக் காட்ட முடியாது. விருதுநகர் வெயிலைவிட நல்ல அடுப்பு எது? உச்சிப்பொழுதில் எடுத்து, சைக்கிள் ட்யூப் துண்டை இரு பக்கமும் சுற்றிப் பிடித்தார். முறுக்கவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார்.

“எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியாம முறுக்காத. இதுல இடது மரை. மரை போச்சுன்னா பேனாவே போச்சு.”

மெல்ல ஒரு ‘டக்’. கழன்றது.

நிப்பு, அதன் அடியில் நாக்கு, கழுத்து, குழாய், குமிழ், குமிழோடு ஒரு தண்டு, தண்டின் நுனியில் சுருங்கிப் போன தக்கை. எல்லாம் வெள்ளைத் துண்டின்மேல் கழன்ற வரிசையிலேயே கிடந்தன. அந்தக் குமிழை எவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. அதில் மரை இரண்டு இடத்தில் இருந்தது. வெளி மரையில் குமிழ் கொஞ்சமே மேலேறுகிறது. உள்மரை அதே சுற்றில் தண்டை நெடுந்தூரம் கீழே தள்ளுகிறது. தண்டு கூடவே சுற்றிவிடாதபடி அதன் பக்கங்கள் தட்டையாக இருக்கின்றன. அதே வடிவத் துளைக்குள் அது ஏறி இறங்க மட்டும்தான் முடியும். விரல் செய்வது சுற்று வேலை, உள்ளே நடப்பது நேர் வேலை. கணக்கு வாத்தியார் யாரும் சொல்லித்தராத ஒன்றை என் கை புரிந்துகொண்டது.

இந்த இரட்டை மரை ஏற்பாட்டின் உரிமம் தியோடர் கோவாச் என்ற பொறியாளரிடமிருந்து ஜெர்மனியின் பெலிகன் கம்பெனிக்குப் போனது என்றும், 1929இல் அவர்கள் பேனாவாக அதை விற்க ஆரம்பித்தார்கள் என்றும் பின்னால் படித்தேன். ஏறக்குறைய அதே காலத்தில், காந்தி சொன்னதற்காகச் சுதேசிப் பேனா செய்ய ராஜமுந்திரியில் ரத்தினம் என்பவர் முனைந்துகொண்டிருந்தார். சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து, 1923இல் ஆரம்பித்த ஆபீஸ் அப்போது நன்றாக வேர் பிடித்திருந்தது.

அந்தத் தீப்பெட்டிதான் எங்கள் பேனாவைக் காப்பாற்றியது. காய்ந்த தக்கை மையைப் பிடிக்காது, புதிது வேண்டும். மருந்துப் பாட்டில் தக்கை ஒன்றை மாமா கோணி ஊசியால் துளைத்து, உப்புத்தாளில் தேய்த்து உருட்டி அளவாக்கினார். ஆனால் பச்சைத் தக்கையும் மையை உறிஞ்சிக் கெட்டுவிடும். சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த வெள்ளைக் கட்டியை எடுத்தார். தீப்பெட்டி ஆபீஸ் மெழுகு. குச்சியில் மருந்து தோய்க்கும் முன் அதன் நுனியை இந்த மெழுகில்தான் முக்குவார்கள். இல்லாவிட்டால் மருந்து பொறிந்த வேகத்தில் அணைந்துபோகும். மரத்துக்குத் தீ ஏறாது. அந்த மெழுகோடு வாசலினும் சேர்த்து டம்ளரில் போட்டு, டம்ளரை வெந்நீர்ச் சட்டிக்குள் நிறுத்தி உருக்கித் தக்கையைப் போட்டார். தக்கையிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. காற்று வெளியே, மெழுகு உள்ளே. குமிழி நின்றதும் எடுத்தார்.

சமையலறையிலிருந்து அப்பத்தா, “கொஞ்சம் எண்ணெய் விட்டா வழுக்கிட்டுப் போகுமே” என்றாள். எண்ணெய் மண்டி ஊரில் வேறு என்ன சொல்வாள்?

“வேணாந்தா, நாள்பட்டா பிசினாயிரும்” என்றார் மாமா.

பூட்டுகிற வேலையை என்னிடம் விட்டார். கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக. தக்கையைக் குழாய்க்குள் செலுத்தியபோது பீச்சாங்குழலில் தண்ணீர் இழுப்பதுபோன்ற இறுக்கம் விரலில் தெரிந்தது. முதலில் தண்ணீரை இழுத்துப் பார்த்தோம், ஒழுகவில்லை. பிறகு மை. நிறைந்ததும் மூன்று நான்கு சொட்டை மைக்கூட்டிலேயே திரும்ப விட்டு, நிப்பை மேலே பார்க்கப் பிடித்து மிச்சச் சுற்றையும் திருகச் சொன்னார். நாக்கில் கொஞ்சம் காற்றுக்கு இடம் இருந்தால்தான் மை நிதானமாக இறங்கும். பழைய நிப்பின் முனை தேய்ந்திருந்தது. மாமா கொண்டுவந்திருந்த சாத்தூர் நிப்பு அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. கோவாச்சின் யோசனை, கொழும்புச் சரக்கு, சிவகாசிப் பக்கத்து மெழுகு, சாத்தூர் நிப்பு: தாத்தா அதில் முதலில் எழுதியது வழக்கம்போல் ‘உ’.

இதையும் சொல்ல வேண்டும். நான் அந்தப் பேனாவால் வீட்டுப்பாடம் எழுதிய வருடங்களில், இதே வட்டாரத்தில் என் வயதுப் பிள்ளைகள் பலர் விடியும் முன்னே ஆபீஸ் பஸ் ஏறிப் போனார்கள், குச்சி அடுக்க, பெட்டி ஒட்ட. அந்த மெழுகு அவர்கள் விரலில்தான் ஒட்டியிருந்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னபோது அவர்கள் எல்லாரும் நடுவயதை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பேனாவை நினைக்கும்போதெல்லாம் அவர்களும் நினைவுக்கு வருகிறார்கள், வரத்தான் வேண்டும்.

பால் பாயின்ட் பேனா வந்து சாத்தூர் நிப்புத் தொழிலை ஒடுக்கிவிட்டது. மாமாவும் பிரஸ்ஸை விற்றுவிட்டுப் பலசரக்குக் கடை வைத்தார். ஆனால் தகட்டில் பிளவு போடத் தெரிந்த கைகள் அந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. சாத்தூர்க்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பரணில் கிடக்கும் அச்சுகளையும் பிரஸ்களையும் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். வீட்டில் அந்த வேலை பார்த்த பெரியவர் இருந்தால், எப்படிச் செய்தார் என்று அவர் வாயாலேயே கேட்டு, வரிசை தப்பாமல் எழுதி வையுங்கள்.