ஹோட்டல் சர்வரும் கம்ப்யூட்டர் சர்வரும்

ஹோட்டலில் பரிமாறுபவரும் சர்வர்தான், இணையதளத்தை அனுப்பி வைக்கும் கம்ப்யூட்டரும் சர்வர்தான். இரண்டு பேருக்கும் பிரச்சினையும் ஒன்றுதான். வேலை செய்யும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம்!

மேசைக்கு ஒரு சர்வர் என்று நிறுத்தினால் என்ன ஆகும்? தோசை வரும்வரை அவர் சும்மா நிற்பார். அப்பாச்சியின் பழைய ப்ரீஃபோர்க் முறை இப்படித்தான். ஒரு இணைப்புக்கு ஒரு பிராசஸ். நூறு பேர் வந்தால் சரி. ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் வந்தால் அத்தனை பிராசஸுக்கும் மெமரிக்கு எங்கே போவது? 1999-ல் டான் கெகல் இந்தக் கேள்விக்கு ‘சி10கே’ என்று பெயர் வைத்து எழுதினார்.

இதற்கு விடை, ஈவென்ட் முறை. ஒரே சர்வர் எல்லா மேசைகளையும் பார்த்துக்கொள்வார். ஆர்டரை உள்ளே சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். எது தயார் என்று அவருக்குச் சொல்ல லினக்ஸில் ஈபோல் இருக்கிறது.

ஆனால் இதிலும் இரண்டு சிக்கல். ஒன்று, ஒரு லூப் ஒரு நேரத்தில் ஒரு கோரில்தான் ஓடும். மற்ற கோர்கள் தூங்கும். இரண்டு, அந்த ஒரு சர்வர் மாவாட்டப் போய்விட்டால் எல்லா மேசையும் பட்டினி!

அப்படியானால் இரண்டு முறையையும் சேர்த்துவிட்டால்? இகோர் சிசோயெவ் 2002-ல் எழுதத் தொடங்கி 2004-ல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அதைத்தான் செய்கிறது. அதில் மாஸ்டர் பிராசஸ் ஒன்று. அது யாருக்கும் பரிமாறாது. போர்ட்டைத் திறக்கும், கோருக்கு ஒன்று என்ற கணக்கில் வொர்க்கர்களைக் கிளப்பிவிடும். ஒவ்வொரு வொர்க்கருக்குள்ளும் தனி ஈவென்ட் லூப். ஒரு வொர்க்கர் விழுந்தால் அதோடு இருந்தவர்களுக்கு மட்டும்தான் நஷ்டம், மாஸ்டர் உடனே இன்னொன்றைக் கிளப்பும். செட்டிங்கை மாற்றினால் புது வொர்க்கர்கள் வரும், பழையவை கையில் இருப்பதை முடித்துவிட்டுக் கிளம்பும். கடையை மூடவே வேண்டாம்.

இதைச் சொந்தமாக எழுதுபவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் ஃபோர்க், அப்புறம்தான் ஈவென்ட் லூப். லூப்பைத் திறந்துவிட்டு ஃபோர்க் செய்தால் இரண்டு பிராசஸும் ஒரே ஈபோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒருவருக்கு வந்த செய்தி மற்றவருக்குப் போகும்.

மாவாட்டும் பிரச்சினை இதில் குறையுமே தவிர ஒழியாது. டிஸ்க்கில் இருந்து பெரிய ஃபைலைப் படிக்கும்போது அந்த வொர்க்கர் நின்றுவிடும். அதற்காகவே 2015-ல் என்ஜின்எக்ஸில் த்ரெட் பூல் சேர்த்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் கணக்கு நோட்டு. நாலு பிராசஸ் என்றால் நாலு தனி மெமரி, அதாவது நாலு நோட்டு. முதல் வொர்க்கரிடம் லாகின் செய்தவர் அடுத்த க்ளிக்கில் மூன்றாவதிடம் போய்ச் சேர்ந்தால், “நீங்க யாரு?” என்று கேட்கும். எல்லோருக்கும் பொதுவானதை டேட்டாபேஸிலோ ரெடிஸிலோ வெளியே வைத்தே ஆக வேண்டும்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு ஹிட் கவுன்ட்டர் எழுதி, எண்ணிக்கையைச் சாதாரண வேரியபிளில் வைத்து, நாலு பிராசஸில் ஓட்டிப் பாருங்கள். 7, 3, 8, 2 என்று அது உளறும்போது விஷயம் தானாகப் புரிந்துவிடும் :)