எட்டு டிராக்கும் எங்க தாத்தாவும்

பி.காம். மூணாவது வருஷம் படிக்கிறவனுக்கு மல்ட்டி டிராக் ரெக்கார்டர் எதுக்கு? நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே எங்கப்பா கேட்டுட்டார். அதுவும் ரெண்டு தடவை. ரெண்டாவது தடவை கேட்டப்போ குரல்ல ஒரு மாதிரி காரம் இருந்துச்சு. அதனால அவருக்குச் சொல்லாத பதிலை இங்க உங்களுக்குச் சொல்றேன்.

எங்க தாத்தா ராஜபாளையத்துல இருந்து அய்யனார் கோவில் போற ரோட்டுல ஒரு மாந்தோப்புக்குக் காவல். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். கொஞ்சம் மேல போனா ஆறு, அருவி, நீர்காத்த அய்யனார் கோவில். லீவு நாள்ல குளிக்க வர்ற கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியும். ஆனா தாத்தா உடுக்கு அடிச்சு அய்யனார் வர்ணிப்பு பாடுவார்ங்கிறது எங்க தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஒரு தடவை ஆரம்பிச்சா முக்கால் மணி நேரம் போகும். நோட்டுல எழுதி வச்சிருக்கார், ஆனா நோட்டுல வார்த்தை மட்டும்தான் இருக்கு. எங்க இழுக்கணும், எங்க மூச்சு விடணும், எந்த இடத்துல உடுக்கு நின்னு குரல் மட்டும் போகணும், இதெல்லாம் அவர் தொண்டையில தான் இருக்கு. வயசு 78. போன வருஷத்துல இருந்து ரெண்டு அடிக்கு ஒரு தடவை மூச்சு வாங்குது.

போன்ல ஒரு தடவை பதிவு பண்ணேன். பண்ண மறுமாசம் போன் கிணத்துக்குள்ள விழுந்துச்சு. சரி, அது என் முட்டாள்தனம். ஆனா விழுறதுக்கு முன்னாடி கேட்டப்போவே அது சரியா இல்ல. உடுக்கு அடிக்கும்போதெல்லாம் போன் தானாவே சத்தத்தைக் குறைச்சிடும், அடி நின்னதும் திரும்ப ஏத்தும். கேக்குறதுக்கு யாரோ வால்யூம் குமிழைத் திருகி விளையாடுற மாதிரி இருந்துச்சு. உடுக்கும் குரலும் ஒரே களிமண் உருண்டை, தனித்தனியா எடுக்க முடியாது.

இங்க தான் மல்ட்டி டிராக் வருது. நம்ம காமர்ஸ் ஆளுங்களுக்குச் சட்டுன்னு புரியும். மூணு காலம் போட்ட கேஷ் புக் நினைச்சுக்கோங்க. ரொக்கம் ஒரு காலம், பேங்க் ஒரு காலம், தள்ளுபடி ஒரு காலம். எல்லாம் ஒரே தேதியில பக்கத்துப் பக்கத்துல ஓடும், ஆனா ஒண்ணைத் திருத்தினா இன்னொண்ணு கெடாது. டிராக்கும் அவ்வளவு தான். குரல் ஒரு டிராக், உடுக்கு ஒரு டிராக். நாளைக்கு உடுக்கு ஓவரா இருக்குன்னு தோணினா அதை மட்டும் குறைக்கலாம்.

இந்த விஷயம் வீட்டுக்குள்ள வந்த கதையும் சுவாரசியமானது. 1979-ல டியாக் கம்பெனி போர்ட்டா ஸ்டுடியோ 144-ன்னு ஒண்ணு விட்டாங்க. சாதாரண கேசட் தான், ஆனா ரெண்டு பக்கமும் ஓட வேண்டிய நாலு டிராக்கையும் ஒரே திசையில, ரெட்டை வேகத்துல ஓட்டினாங்க. ஒரு காலத்துல நாலு டிராக்னா பெரிய ஸ்டுடியோ சமாச்சாரம். பீட்டில்ஸ் 1967-ல சார்ஜென்ட் பெப்பர் ஆல்பத்தையே நாலு டிராக் மிஷின்ல தான் ஒண்ணு மேல ஒண்ணா மாத்தி மாத்திப் பதிவு பண்ணாங்க. புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் அந்த 144-ஐயும் ரெண்டு மைக்கையும் வச்சு நியூஜெர்சி வீட்டு பெட்ரூம்ல மாதிரிக்குப் பாடி வச்சது தான், அப்புறம் 1982-ல நெப்ராஸ்கா ஆல்பமாவே வெளிவந்துச்சு. ஸ்டுடியோவுல பேண்டோட திரும்ப வாசிச்சுப் பார்த்திருக்காங்க, கேசட்ல இருந்த உயிர் வரலையாம்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சாயங்காலம் பில் என்ட்ரி போட்டுச் சேர்த்த காசு 15,000 ரூபாய். அது தான் மொத்த முதலீடு. மதுரையில ஒரு ஸ்டுடியோவுல விசாரிச்சேன், மணிக்கு 700 கேட்டாங்க. தாத்தா ஏ.சி. ரூம்ல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் கையைக் காட்டினா பாடுற ஆள் கிடையாது. அவருக்கு மூடு வரணும், வெத்தலை போடணும், ரெண்டு தடவை தொண்டையைக் கனைக்கணும். மீட்டர் ஓடிட்டே இருக்கும்.

லேப்டாப் ஏன் வாங்கக் கூடாதுன்னு நண்பன் ஒருத்தன் சண்டைக்கே வந்தான். அவன் சொல்றதுல நியாயம் இருக்கு. ஏற்கெனவே லேப்டாப் வச்சிருக்கவங்களுக்கு ரெண்டு மைக் போடுற ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும், ஆடாசிட்டி இலவசம், எடிட்டிங் பெரிய திரையில சுகமா பண்ணலாம். உங்ககிட்ட லேப்டாப் இருந்து, வீட்டுக்குள்ளயே பதிவு பண்றதா இருந்தா இதுக்கு மேல படிக்காம அதையே வாங்குங்க, காசு மிச்சம். என் வீட்டுல இருக்கறது அக்காவோடது. ஃபேன் சத்தம் மோட்டார் பம்பு மாதிரி. தோப்புல கரண்ட் எப்போ வரும்னு சொல்ல முடியாது. வருமான வரிக் கணக்குல மிஷினுக்குத் தேய்மானம் 15 சதவீதம், கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம்னு கிளாஸ்ல படிச்சப்போ நான் அந்த நண்பனைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சேன், அவனுக்குப் புரியல :)

ஆக பேட்டரியில ஓடணும், தனியா இயங்கணும், 15,000-க்குள்ள இருக்கணும். தேட ஆரம்பிச்சேன்.

இங்க ஒரு குழியைச் சொல்லணும், ஏன்னா நான் விழப் பார்த்தேன். ஒரு கடையில (பேர் வேண்டாம்) "எட்டு டிராக் சார், எட்டு மைக் போடலாம்"னு அடிச்சுச் சொன்னார். நான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன், மைக் சொருகுற ஓட்டை ரெண்டே ரெண்டு. எட்டு டிராக்னா எட்டைத் திரும்பக் கேக்கலாம்னு அர்த்தம். ஒரே நேரத்துல எத்தனை பதிவு பண்ணலாம்ங்கிறது வேற கணக்கு. கம்மி விலை மிஷின் பெரும்பாலும் ரெண்டு தான். டாஸ்காம் டிபி-24 எஸ்.டி. மாதிரி பெருசுக்குப் போனா ஒரே சமயத்துல எட்டு கிடைக்கும், ஆனா அது நம்ம பட்ஜெட்டைப் பார்த்துச் சிரிக்கும். மேளம் செட்டு மொத்தமா எடுக்கணும்னா அது வேணும். ஒரு குரல், ஒரு உடுக்குக்கு ரெண்டு ஓட்டை போதும்.

அப்புறம் பிட் சமாச்சாரம். டாஸ்காம் டிபி-008 ஈஎக்ஸ் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஒவ்வொரு டிராக்குக்கும் தனித்தனிக் குமிழ், மெனுவுக்குள்ள போய்த் தேட வேண்டியதில்ல. ஆனா அது 16 பிட். சத்தமே இல்லாததுக்கும் உச்சத்துக்கும் நடுவுல சுமார் 96 டெசிபெல் இடம். பாட்டு கேக்க அது தாராளம், சி.டி.யே 16 பிட் தான். பதிவு பண்றப்போ தான் பிரச்சினை. தாத்தா முணுமுணுப்புல ஆரம்பிச்சு அய்யனார் குதிரை ஏறுற இடத்துல கத்துவார். கத்தல் உடையாம இருக்க லெவலைக் குறைச்சு வச்சா முணுமுணுப்பு இரைச்சலுக்குப் பக்கத்துல போயிடும். 24 பிட்ல கணக்குப்படி 144 டெசிபெல், நடைமுறையில அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் பயப்படாம லெவலைத் தாழ்த்தி வைக்கலாம்.

இதையும் தாண்டி ஜூம் கம்பெனி 2023-ல ஆர்4-ன்னு ஒண்ணு அறிவிச்சாங்க. நாலு டிராக், 32 பிட் ஃப்ளோட். லெவலே சரியா வைக்கலைன்னாலும் பின்னாடி இறக்கிச் சரி பண்ணிக்கலாம். (மைக்கே திணறினா அதை எந்த ஃப்ளோட்டும் காப்பாத்தாது, அது வேற.) எனக்கு அது மேல கண்ணு. விலையைப் பார்த்துட்டுக் கண்ணை எடுத்துட்டேன்.

கடைசியில சிக்கினது ஜூம் ஆர்8. 2011 வாக்குல வந்த மாடல். எட்டு டிராக் கேக்கலாம், ரெண்டு பதிவு பண்ணலாம், 24 பிட், நாலு டபுள் ஏ பேட்டரி, ரெண்டு ஓரத்துலயும் சின்ன மைக் உள்ளயே இருக்கு. கம்ப்யூட்டர்ல மாட்டினா இன்டர்ஃபேஸாவும் வேலை செய்யும். திரை மட்டும் தீப்பெட்டி சைஸ். மதுரையில ஒருத்தர் பழசு ஒண்ணை 11,500-க்குக் குடுத்தார். ஸ்டுடியோ வாடகையோட ஒப்பிட்டா பதினேழு மணி நேரத்துல முதல் திரும்பிடும்னு பஸ்ல வரும்போதே கணக்குப் போட்டேன். பழசு வாங்குறீங்கன்னா மூணு விஷயம் அங்கயே பாருங்க. ஃபேடரை மேலயும் கீழயும் தள்ளும்போது கரகரங்குதா, ரெண்டு மைக் ஓட்டையிலயும் சத்தம் வருதா, பதிவு பண்ணதை கார்டைக் கழட்டி மாட்டின பிறகும் படிக்குதா. நான் மூணாவதைப் பார்க்க மறந்துட்டேன். நல்ல வேளை, படிச்சது.

கார்டுக்கு ரொம்ப அலட்டிக்காதீங்க. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு டிராக் நிமிஷத்துக்கு 8 எம்.பி. கூட இல்ல. எட்டு டிராக்கும் நிரம்பினாலும் 32 ஜி.பி. கார்டுல எட்டு மணி நேரம் தாங்கும். பேட்டரியில தான் சிக்கனம் வேணும். கண்டென்சர் மைக் மாட்டினா அதுக்கு 48 வோல்ட் இந்த மிஷின் தான் குடுக்கணும், பேட்டரி கரைஞ்சிடும். அதனால மைக் செட் வச்சிருக்க நண்பன்கிட்ட ரெண்டு டைனமிக் மைக் கடன் வாங்கினேன். அதுக்குக் கரண்ட் தேவையில்ல, தூரத்துச் சத்தத்தையும் அவ்வளவா இழுக்காது.

தூரத்துச் சத்தம்னா சும்மா இல்ல. முந்தின வாரம் மலையில மழை. ஆத்துச் சத்தம் தோப்பு வரைக்கும் கேட்டுச்சு. மர நிழல்ல பண்ணலாம்னு நினைச்சவன் மோட்டார் ரூமுக்குள்ள போனேன். உள்ள நாலு பக்கமும் சிமெண்ட் சுவர், ஒரே எதிரொலி. மில்லுல இருந்து வேஸ்ட் பஞ்சு அடைச்ச சாக்கு ஆறு கொண்டு வந்து சுத்தி அடுக்கினேன். தாத்தா நடுவுல உக்கார்ந்து, "என்னடா பேராண்டி, பொணம் மாதிரி சுத்தி வச்சுட்டே"ன்னார்.

ஒரு மைக் வாய்க்குப் பக்கத்துல, இன்னொண்ணு உடுக்குக்குக் கீழ. முழுசாப் பிரியாது, குரல் மைக்ல உடுக்கு கொஞ்சம் வரத்தான் செய்யும். ஆனா போன்ல இருந்த களிமண் உருண்டை இல்ல. 41 நிமிஷம். நடுவுல நாலு இடத்துல மூச்சு வாங்கினார், ஒரு இடத்துல வரியை மறந்து உடுக்கை மட்டும் அடிச்சுட்டே யோசிச்சார். அதை வெட்டல.

மூணாவது டிராக்ல கிடார் மெலிசா போட்டுக் காட்டினேன். ஹெட்ஃபோனை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கேட்டுட்டு, "பாட்டு நல்லா இருக்கு, அந்தக் கொசுவை மட்டும் அடிச்சிரு"ன்னார். அழிச்சுட்டேன்.

அப்புறம் அவரே சொன்னார், பின்பாட்டு இல்லாம வர்ணிப்பு மொட்டையா இருக்குன்னு. முன்னாடி பின்பாட்டு பாடினது எங்கப்பா. மில்லுல நைட் ஷிஃப்ட் போனதுல இருந்து நின்னு போச்சு. தாத்தா பாடுறது விடிகாலையில, அப்பா அப்போ தான் வேலை முடிஞ்சு வந்து படுப்பார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காரணும்னா தீபாவளி வரணும்.

ஆனா டிராக் காலியா இருக்கே! ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடிச்ச அப்பா காதுல ஹெட்ஃபோனை மாட்டினேன். ஒண்ணும் சொல்லல, பட்டனை அமுக்கிட்டேன். ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். அப்புறம் தாத்தா இழுத்து நிறுத்துற இடத்துல இவர் வாய் தானா திறந்துச்சு. மெதுவா, மைக்கே இல்லாம. நான் ஓடிப் போய் மைக்கை எடுத்துட்டு வந்து மூணாவது டிராக்ல விட்டேன். முதல் தடவை எல்லா இடத்துலயும் அரைத் தாளம் லேட்டு. "எங்கய்யா முன்ன மாதிரி இழுக்கல, சீக்கிரம் விட்டுர்றாரு"ன்னு சொல்லிட்டு, கொஞ்ச நேரம் அந்தச் சின்னத் திரையையே பார்த்துட்டு இருந்தார்.

ரெண்டாவது தடவை பன்னெண்டு நிமிஷம் வரைக்கும் சரியா வந்துச்சு. மணி மூணாச்சு, ஷிஃப்டுக்கு முன்னாடி கொஞ்சம் தூங்கணும். எழுந்து போகும்போது வாசல்ல நின்னு கேட்டார், "இதுக்கு என்ன பேட்டரி போடணும்? வரும்போது வாங்கிட்டு வரேன்."