கொழும்பில் ஒரு வழிப்போக்கன்



மொராக்கோவில் பிறந்த இப்னு பதூதா கி.பி. 1344ல் இலங்கைக்கு வந்தார். பாவா ஆதம் மலையில் ஏறிக் கண்டபின் கொழும்பு வழியாகத் திரும்பினார். அந்தத் தீவின் அழகிய பெரிய நகரங்களுள் ஒன்று என்று கொழும்பைத் தம் பயண நூலில் எழுதிவைத்தார்.

அவரைப் போல் உலகைச் சுற்ற நம்மால் இயலாது. ஆனால் பழக்கமில்லாத ஒரு ஊரில் தன்னந்தனியாக நடந்து பார்ப்பது எவருக்கும் பாடம் தரும். ஒரு வேலையாகக் கொழும்பு சென்ற எனக்கு ஒருநாள் ஓய்வு கிடைத்தது. வெள்ளவத்தையில் தொடங்கிக் கொட்டாஞ்சேனைப் பக்கம் போய் முடித்தேன். அந்த வழியே உங்களையும் அழைத்துச் செல்கிறேன்.

முதலில் ஒரு வசதியைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு நகரம் 15 தபால் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளவத்தை கொழும்பு 6. புறக்கோட்டை கொழும்பு 11. கொட்டாஞ்சேனை கொழும்பு 13. பெரும்பாலான கடைகளின் பெயர்ப் பலகையில் கதவு எண், தெரு, பகுதி எண் எல்லாமே இருக்கும். அண்ணாந்து பார்த்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும்.

வெள்ளவத்தையின் முதுகெலும்பு காலி வீதி. அதிலிருந்து இறங்கும் ஒழுங்கைகள் கடற்கரையோர ரயில் பாதைப் பக்கம் போகும். பாதைக்கு அப்பால் கற்களும் அலைகளும்தான். வீதியின் இரு பக்கமும் சேலைக் கடைகள், நகைக் கடைகள், சைவ உணவகங்கள். யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "சின்ன யாழ்ப்பாணம்" என்று இந்த இடத்தைச் சொல்வதில் வியப்பில்லை.

ஆனால் இந்தச் செழிப்புக்கு அடியில் ஒரு சாம்பல் இருக்கிறது. 1983 ஜூலை கடைசி வாரத்தில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் கொளுத்தப்பட்டன. வெள்ளவத்தையும் எரிந்தது. ஆயிரக்கணக்கானோர் அகதி முகாம்களில் தங்கினர். பலர் கப்பலேறி யாழ்ப்பாணம் போயினர். பக்கத்து வீட்டுச் சிங்களவர்களும் முஸ்லிம்களும் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய குடும்பங்களும் உண்டு. இன்று அதே வீதியில் அடுக்குமாடிகள் எழுந்து, கடைகளில் கூட்டம் நெரிகிறது. பஸ்ஸில் போகிறவருக்குக் கடைகள் மட்டுமே தெரியும். நடந்து போகிறவருக்கு, இங்கே மனிதர்கள் மீண்டும் வந்து வாழத் துணிந்தார்கள் என்பது தெரியும்.

அங்கிருந்து 100ம் எண் பஸ் பிடித்தால் காலி வீதி வழியாகப் புறக்கோட்டை. மூட்டை சுமப்போரும் தள்ளுவண்டிகளும் நெருக்கும் இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பள்ளிவாசல் எழுந்து நிற்கிறது. ஜாமிஉல் அழ்ஃபர் என்பது பெயர். மக்கள் வாயில் "சிவப்புப் பள்ளி", "சம்மாங்கோட்டுப் பள்ளி". இந்திய முஸ்லிம் வணிகர்கள் தொழுவதற்காக 1908ல் கட்டத் தொடங்கியது. மாதுளம்பழம் போன்ற குவிமாடங்கள். இதை வடிவமைத்த சாயிபு லெப்பை கட்டடக் கலையைக் கல்லூரியில் படித்தவரல்லர்.

அங்கிருந்து செட்டியார் தெரு. சகோதரிகளுக்கு இத்தெருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரு பக்கமும் தங்கம்! இடையிடையே கதிரேசன் கோயில்கள். தெரு முடிந்து சற்று நடந்தால் கொச்சிக்கடை. சர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் இங்கேதான். அந்தோனியார் தேவாலயமும் இங்கேதான். செவ்வாய்க்கிழமைகளில் தேவாலயத்துக்குக் கிறிஸ்தவர்கள் மட்டுமின்றி மற்றவர்களும் வருவது நெடுநாள் வழக்கம்.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை, திருப்பலிக்குக் கூடியிருந்த மக்கள் நடுவே இந்தத் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அன்று மூன்று தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலுமாக 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செய்தவர்கள் நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். அவர்களின் உடல்களை எந்தப் பள்ளிவாசலிலும் அடக்க ஏற்கமாட்டோம் என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஆயினும் மறுமாதமே வடமேல் மாகாணத்தில் எந்தப் பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

இதையெல்லாம் அறிந்தவன் தாடியும் தொப்பியுமாக அந்த வாசலைக் கடப்பது எளிதா? என் நடை தானாகவே வேகம் எடுத்தது. ஆனால் அஸர் நேரம் நெருங்கிவிட்டது. யாரிடமாவது பள்ளிவாசலுக்கு வழி கேட்டாக வேண்டும். எதிரே மெழுகுவர்த்தி விற்கும் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. தயங்கியபடி கேட்டேன்.

"பெரிய பள்ளிக்கா நானா? புதிய சோனகத் தெருவுக்குப் போகணும். இந்த வெயிலில நடந்தா போறீங்க? கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

"நானா" என்றால் அண்ணன். நம் காயல்பட்டினத்தார் "காக்கா" என்பது போல, இலங்கை முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல். அதையே மற்றச் சமூகத்தாரும் முஸ்லிம் ஆண்களை அழைக்கப் பயன்படுத்துகிறார்கள். குண்டு வெடித்த வாசலில் பிழைப்பு நடத்தும் ஒரு பெண், முன்பின் தெரியாத ஒரு மவ்லவியை அண்ணன் என்றழைத்துத் தண்ணீர் தருகிறார். வழியையும் திருப்பம் திருப்பமாகச் சொன்னார். எந்தத் திருப்பமும் தவறவில்லை.

சகோதரிகளே! ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் தவ்பா அத்தியாயத்தின் 60ம் வசனம் எண்ணிச் சொல்கிறது. அதில் எட்டாமவர் வழிப்போக்கர். சொந்த ஊரில் செல்வந்தராக இருந்தாலும், வழியில் கையில் பொருளின்றித் தவிப்பவருக்கு அதில் பங்குண்டு. மதரஸாவில் இந்தச் சட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். அதன் பின்னால் இருக்கும் கருணையைக் கொச்சிக்கடைத் தெருவில் நின்று உணர்ந்தேன். அந்நிய ஊரில் பணமிருந்தும் மனிதன் ஏழைதான். ஒரு சொல், ஒரு குவளைத் தண்ணீர், ஒரு முகமலர்ச்சிக்காகக் கை நீட்டி நிற்கிறான்.

நம் தெருக்களிலும் இப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள். வடமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞன் மொழி தெரியாமல் முகவரிச் சீட்டைக் காட்டி நிற்கிறான். அகதி முகாமிலிருந்து வரும் இலங்கைப் பெண் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்கிறாள். அவர்களின் பெயரையும் மதத்தையும் எடைபோட்ட பிறகு பதில் சொல்கிறோமா, அல்லது முதலில் "கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்கிறோமா? வீட்டு வாசலில் விளையாடும் நம் பிள்ளைகள், வழி கேட்டு வருபவரிடம் நாம் பேசும் முறையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வழி கேட்டு வருவோரை முகம் சுளிக்காமல் வரவேற்கும் மனதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன்.