காணி உறுதியும் சமாதானமும்

பீரங்கிச் சத்தம் ஓய்ந்தால் சமாதானம் வந்துவிட்டதென்று எழுதிவிடுகிறார்கள். அது மெய்தானா என்று பார்க்க நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்துக்குப் போனால் போதும். இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களுக்காகச் சர்க்கார் கட்டிய 321 வீடுகள் 2022-ஆம் வருஷம் அங்கே திறக்கப்பட்டன. யுத்தமோ 2009 மே மாதத்திலேயே முடிந்துவிட்டது! பதின்மூன்று வருஷங்களுக்குப் பிறகும் ஜனங்கள் அயல் தேசத்தில் புது வீடு புகுகிறார்கள் என்றால், அந்தச் சமாதானத்தில் அவர்களுக்குள்ள நம்பிக்கை எவ்வளவு என்பது விளங்கவில்லையா?

நம்மிடம் படிக்கும் பையன் ஒருவனின் பாட்டனார் அங்கே வசிக்கிறார். "யுத்தம்தான் ஓய்ந்துவிட்டதே, ஐயா! ஊருக்குத் திரும்பலாமே?" என்று ஒரு நாள் கேட்டோம். பெரியவர் தகரப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஒரு பத்திரத்தை எடுத்துக் காட்டினார்.

"காணி உறுதி என்னட்டக் கிடக்கு, மாஸ்டர். காணி ஆரிட்டக் கிடக்கெண்டுதான் தெரியேல்ல."

வடக்கே ராணுவத்தின் வசமிருந்த தனியார் நிலங்களில் ஒரு பகுதி சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் பாதி வயலில் யார்தான் துணிந்து ஏர் பூட்டுவார்கள்?

ஒரு கட்சியை அடியோடு வீழ்த்துவதே நிலையான சமாதானத்துக்கு வழி என்று வாதிப்போர் உண்டு. 2009-க்குப் பிறகு இலங்கையில் மறுபடி யுத்தம் மூளவில்லை என்பதை நாமும் மறுக்கவில்லை. எனினும் வட அயர்லாந்தைப் பாருங்கள். முப்பது வருஷக் கொலைகளுக்குப் பின் 1998-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. பகைத்த இரு தரத்தாரும் சேர்ந்தே மந்திரிசபை அமைக்க வேண்டும். ஒருவர் விலகினால் மற்றவரும் ஆள முடியாது. அந்தச் சபை பல தடவை முடங்கியதுண்டு. ஆயினும் பழைய யுத்தம் திரும்பவில்லை. தோற்றவர் என்று யாரையும் வெளியே நிறுத்தாததே இதற்குக் காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

இலங்கையிலும் ஏட்டில் வழி இல்லாமலில்லை. 1987 ஒப்பந்தத்தை ஒட்டி மாகாண சபைகள் ஏற்பட்டன. வட மாகாணத்தார் தங்களுக்கென்று தனிச் சபையைத் தேர்ந்தெடுத்தது 2013-இல்தான். 2018-இல் அதன் காலம் முடிந்தது. பிறகு வருஷக்கணக்காகத் தேர்தலே இல்லை.

காணாமற்போனவர்களைத் தேட 2016-இல் சட்டம் செய்து ஓர் அலுவலகமும் அமைத்தார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சித் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரம் உட்கார்ந்தார்கள். அவர்களைப்போல் தேடி வந்த பெற்றோரில் பலர், பிள்ளை உயிரோடிருக்கிறானா இல்லையா என்பது தெரியாமலே காலமாகிவிட்டார்கள்.