வேம்பும் பொறிவண்டும்

செடியிலிருந்து எடுத்த மருந்து பயிரைத் தின்னும் பூச்சியை மட்டுமே அழிக்கும், நமக்கு உதவி செய்கிற பூச்சியை அது தீண்டாது என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்து உழவர்களிடம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. இரசாயன மருந்துகளால் நிலமும் நீரும் கெட்டதைக் கண்டு மனம் வெதும்பியவர்களிடையே அப்படியொரு நம்பிக்கை பிறந்தது இயல்பே. அதை வளர்த்தவர்களின் நோக்கமும் உத்தமமானது. ஆனால் பல்லடத்திற்குத் தெற்கே, கரிசலும் செம்மண்ணும் மாறி மாறி வருகிற பூமியில், கத்தரியும் தக்காளியும் கொஞ்சம் பருத்தியும் தென்னையும் வைத்து, வேப்பங்கொட்டையை இடித்துக் கரைத்துத் தெளிப்பதையே பல காலமாக வழக்கமாகக் கொண்டிருக்கும் எனக்கு, அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை என்று படுகிறது. மற்றப் பாதியைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

வேம்பின் மகிமை உலகறிந்தது. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை கண்ணில் பட்ட பசுமையையெல்லாம் தின்று தீர்த்தபோது வேப்பமரங்கள் மட்டும் தழை குன்றாமல் நின்றதை ஜெர்மானியப் பூச்சியியல் அறிஞர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கண்டார். அதற்குச் சில ஆண்டுகளுக்குள் தில்லியில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரதான், வேப்பம்பருப்புக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளி கடிக்க மறுப்பதைக் காட்டினார். 1968இல் இங்கிலாந்தில் அதன் சாரமான அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த ஒரு பொருளைச் செயற்கையாக உருவாக்க கேம்பிரிட்ஜ் இரசாயனிகளுக்கு இருபதாண்டுகளுக்கும் மேலான உழைப்பு தேவைப்பட்டு, 2007இல்தான் கைகூடியது என்றால், நம் வீட்டு வாசலில் காக்கையும் மைனாவும் தின்று துப்பிப்போட்ட கொட்டைக்குள் இயற்கை எவ்வளவு சிக்கலான வேலையைச் செய்து வைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அந்தச் சாரம் பூச்சியினிடத்தில் இரண்டு விதமாக வேலை செய்கிறது. முதலாவது, தின்ன வந்த வாயைக் கட்டிப்போடுவது. இரண்டாவது, உள்ளே சென்றபின், புழு தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வளர்வதற்குக் காரணமான சுரப்பின் ஒழுங்கைக் குலைத்துவிடுவது. தோலுரிக்க முடியாத புழு பழைய தோலுக்குள்ளேயே நெருக்குண்டு சாகிறது. தப்பிப் பிழைத்து வண்டாக வந்தாலும் முட்டை குறைகிறது. இந்த இரண்டாவது வேலையில்தான் நம்முடைய விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஏனெனில் தோலுரித்து வளர்வது காய்ப்புழுவுக்கு மட்டும் உரிய தர்மமன்று, காய்ப்புழுவையும் அசுவினியையும் பிடித்துத் தின்னும் பொறிவண்டுக்கும், பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சிக்கும், கும்பிடு பூச்சிக்கும் அதுவே தர்மம். பொறிவண்டின் புழு நான்கு பருவங்களைக் கடந்து, இலையில் வாலை ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, அதன்பிறகே நாம் அறிந்த அந்தச் செம்மஞ்சள் வண்டாகிறது. ஒவ்வொரு படியிலும் அது தன் தோலைக் கழற்றியாக வேண்டும்.

அப்படியானால் வேம்பு இவற்றை ஏன் அடியோடு ஒழித்துவிடவில்லை? காரணம், அசாடிராக்டின் பெரும்பாலும் வயிற்றின் வழியாகவே வேலை செய்வது. இலையைக் கடித்துத் தின்னும் புழு மருந்தையும் சேர்த்தே தின்கிறது. பூச்சியைத் தின்னும் பூச்சியோ, தன் இரையின் உடம்பில் ஒட்டியதும் உள்ளே சென்றதுமான சிறு பகுதியை மாத்திரமே பெறுகிறது. அதோடு, வெயில் பட்ட சில நாட்களில் சாரம் சிதைந்துபோகிறது. வேம்பைப் பற்றிய நம்பிக்கையில் உண்மையான பாதி இதுதான். வளர்ந்த பொறிவண்டைக் கரைசல் தெளித்த செடியில் மறுநாளும் சுறுசுறுப்பாக ஊரக் காண்கிறோம். கண்டு திருப்தியடைந்து திரும்பிவிடுகிறோம். இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்ப்பவர்கள் சிலரே. நாலைந்து நாள் கழித்து அங்கே பார்த்தால், பாதி கழன்ற தோலோடு காய்ந்து தொங்கும் புழுக்களையும், திறக்காமலே கறுத்துப்போன கூட்டுப்புழுக்களையும், இறகு சுருங்கி விரிக்க மாட்டாமல் கிடக்கும் இளவண்டுகளையும் காணலாம். பரிசோதனைச் சாலைகளில் ஆய்வாளர்கள் கண்டதும் இதை ஒத்ததே: வளர்ந்த பூச்சிக்குத் தீங்கு சொற்பம், இளம்புழுவுக்கு அதிகம்.

ஆகவே எதைத் தெளிக்கிறோம் என்பதோடு, எந்த நாளில், எந்த வடிவில், எவ்வளவு என்பதும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கிறது. ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திய கொட்டை, மூன்று மாதம் ஆறியபின், எட்டு மாதத்துக்குள் எடுத்தால் வீரியம் நன்றாக இருக்கும். ஐந்து கிலோ பருப்பை இடித்து, பத்து லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, நூறு லிட்டராக்கி, காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிப்பது வழக்கம். வடிகட்டுவதற்கு எங்கள் ஊரில் துணிக்குப் பஞ்சமில்லை; திருப்பூர்க் கம்பெனிகளிலிருந்து வரும் பனியன் வேஸ்டை இரண்டு மடிப்பாகக் கட்டினால் தெளிப்பான் மூக்கு அடைபடாத அளவுக்குத் தெளிவாக இறங்கும். இந்தக் கொட்டைக் கரைசலையும் வேப்பெண்ணெயையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். எனக்கு அது சம்மதமில்லை. எண்ணெய் கூடினால் அது சாரத்தினால் மட்டுமன்றித் தன் பிசுக்கினாலும் கொல்லும். உடம்பின் பக்கங்களிலுள்ள மூச்சுத் துவாரங்களைப் படலம் மூடிவிட்டால் அசுவினிக்கும் பொறிவண்டுப் புழுவுக்கும் கதி ஒன்றுதான். கடையில் வாங்கும் வேப்ப மருந்திலும் 300 பிபிஎம் என்று ஒரு புட்டி, 1500 என்று ஒன்று, 10000 என்று ஒன்று இருக்கின்றன. வேம்பு என்ற ஒரே பெயரை நம்பி மூன்றையும் ஒரே அளவில் ஊற்றுவது பெரும் அபாயம்.

மாலையில் தெளிக்கச் சொல்கிறார்கள். வெயிலிலிருந்து சாரத்தைக் காப்பதற்கும் தேனீயைக் காப்பதற்கும் அது மிக நல்ல உபாயம். என்றாலும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி அந்தி மயங்கியபின்தான் எழுந்து பறக்கத் தொடங்குகிறது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். மயிரிழை போன்ற வெண்காம்பின் நுனியில் அது ஒவ்வொன்றாக நிறுத்திவைக்கும் முட்டைகள் இலைகளில் கண்ணுக்குப் பட்டால், அந்தப் பாத்தியை விட்டுவிடுவேன்.

வேம்பைக் குறித்து இத்தனை சொன்னபின், புகையிலைக் கஷாயத்தைக் குறித்துச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. வேப்பிலை, பச்சை மிளகாய், பூண்டு, புகையிலை இவற்றைக் கோமியத்தில் கொதிக்கவைத்து அக்னி அஸ்திரம் என்று தெளிக்கிறார்கள். அதிலுள்ள நிக்கோட்டின் நரம்பைத் தாக்கும் விஷம். தின்றாலும் பாயும், மேலே பட்டாலும் பாயும். நல்லது கெட்டது என்ற பேதம் அதற்கு இல்லை. இன்று உலகமெங்கும் தேனீக்களின் பொருட்டு விவாதிக்கப்படும் இமிடாக்குளோபிரிட் முதலிய மருந்துகள் தாக்குவதும் நிக்கோட்டின் தாக்கும் அதே நரம்பு வாயிலைத்தான். சாமந்தி இனத்துப் பூவிலிருந்து எடுக்கும் பைரித்திரமும் அப்படியே: சில நாழிகைக்குள் அசுவினியோடு பொறிவண்டும் மல்லாந்து விழும். அவை தாவரத்தில் பிறந்தவை என்பது மெய்; அதனால் சாந்த குணம் உடையவை ஆகிவிடுமா?

இந்த விஷயம் எங்கள் மாவட்டம் முழுவதற்கும் பரீட்சையாக வந்தது தென்னையில். 2016இல் பொள்ளாச்சிப் பக்கத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ, விரைவிலேயே இங்கும் வந்து ஓலையின் அடிப்புறமெல்லாம் வெண்மாவு அப்பி, அது கழிக்கும் தேன் போன்ற நீரில் கரும்பூசணம் படர்ந்து, மரங்கள் கரி பூசியவை போலாயின. கண்டவர் பதறியதில் வியப்பில்லை. விசைத்தெளிப்பானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கிடைத்த மருந்தையெல்லாம் அடித்தவர்களும் உண்டு. வேப்பெண்ணெய்தானே என்று வாரந்தோறும் மரத்தைக் குளிப்பாட்டியவர்களும் உண்டு. ஆனால் வெள்ளை ஈயின் பின்னாலேயே என்கார்சியா என்ற, கண்ணுக்கு அரிதான சிறு குளவியும் வந்து சேர்ந்திருந்தது. அது ஈயின் இளம்பருவத்துக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று வெளிவருவது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இரசாயன மருந்து அடிக்கவேண்டாம், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும் தாளைக் கட்டுங்கள், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், என்கார்சியா இருக்கும் ஓலைத் துண்டுகளை எடுத்துவந்து பாதித்த மரத்தில் வையுங்கள் என்று வற்புறுத்தியது. ஆழியாறு நகரிலுள்ள தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் வெள்ளை ஈயைத் தின்னும் ஒருவகைப் பச்சை இறக்கைப் பூச்சியின் முட்டைகளையும் வளர்த்துக் கொடுத்தார்கள். எண்ணெய் ஓயாது அடிக்கப்பட்ட தோப்பில் அந்தக் குளவிக்குத் தங்க இடமில்லாது போவதையும், தண்ணீர் மாத்திரம் பீய்ச்சிய தோப்பில் புது மட்டைகள் மெல்ல மெல்லச் சுத்தமாக வெளிவருவதையும் அடுத்தடுத்த வேலிகளில் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். கடன் வாங்கித் தென்னை வைத்தவனிடம் பொறுமையைக் கேட்பது எளிதன்று என்பதையும் உணர்கிறேன்.

அதற்கு முன்பே பப்பாளி மாவுப்பூச்சி ஒரு பாடம் நடத்தியிருந்தது. 2008இல் கோயம்புத்தூரில் காணப்பட்ட அது பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பாய்ந்து, உடுமலைப் பக்கத்துப் பட்டுப்புழு வளர்ப்போரைத் தவிக்கவிட்டது. பட்டுப்புழுவும் தோலுரித்து வளரும் பூச்சிதானே! வேம்பின் சாரம் படிந்த மல்பெரி இலையை அதற்குப் போட்டால் என்ன ஆகும் என்பதை வளர்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். வேம்பு நல்ல பூச்சிக்குத் தீங்கு செய்யாது என்ற வாதத்துக்கு இதைக் காட்டிலும் தெளிவான மறுப்பு வேறில்லை. முடிவில் 2010இல் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து தருவித்த அசிரோபேகஸ் என்ற சிறு குளவியைப் பெங்களூர் ஆராய்ச்சியாளர்களும் நம் பல்கலைக்கழகத்தாரும் பெருக்கிப் பரப்பியபிறகே மாவுப்பூச்சி அடங்கிற்று.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருநாள் கொய்யாக் கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, மாவுப்பூச்சி இத்தாச்சோடு ஊருதுங்க. வேப்பெண்ணெய் அஞ்சு மில்லி போட்டா போதுங்களா?"

கிளையில் வெண்மாவுக் குஞ்சத்தோடு பெரிதாக ஊர்ந்தவை மாவுப்பூச்சிகளே அல்ல. அவற்றைத் தின்கிற கிரிப்டோலீமஸ் பொறிவண்டின் புழுக்கள். 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த வண்டின் புழு, தன் இரையைப் போலவே மாவு போர்த்துத் திரிவது.

"அண்ணா, இது வேகமா நடக்குது பாருங்க. மாவுப்பூச்சி இப்படி நடக்குமுங்களா? இதுதான் அதைத் தின்னுட்டிருக்குது. பத்து நாள் அடிக்காம விடுங்க."

அவர் விட்டார். ஆனால் இப்படிக் கிளையை ஒடித்து எடுத்துவந்து கேட்பவர் எத்தனை பேர்? வேப்பெண்ணெய் என்பதனாலேயே கேட்காமல் அடித்துவிடுகிறவர்கள்தாம் அதிகம். இரசாயன மருந்தென்றால் ஒரு நிமிஷமாவது தயங்கும் கை, மூலிகை என்றதும் தயக்கத்தை விட்டுவிடுகிறது. எனக்கு வருத்தம் தருவது இதுவே.

கோழிப் பண்ணைகளின் தீவனத்துக்கென்று இந்தப் பக்கம் விதைக்கப்படும் மக்காச்சோளத்தில் 2018 முதல் படைப்புழு வந்தபின், குருத்தில் வேப்பச் சாரம் தெளிப்பது ஆரம்பப் பருவத்தில் பயன்படுகிறது. அங்கும் குருத்துக்குள் வாலில் இடுக்கியோடு ஒளிந்திருக்கும் பூச்சி படைப்புழுவின் முட்டையையும் குஞ்சையும் தின்பது. அதைக் கண்டால் மருந்து வேண்டியதில்லை.

என் தோட்டத்தில் கத்தரிக்கும் பருத்திக்கும் ஓரமாகத் தட்டைப்பயறு விதைத்திருக்கிறேன். தை பிறந்ததும் அதன் கொழுந்தெல்லாம் கறுப்பு அசுவினி அப்பிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் பிடுங்கிப் போடச் சொல்வார்கள். அந்த அசுவினியைத் தேடித்தான் பொறிவண்டு வந்து மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக வைக்கிறது. அங்கே பெருகியவை பிறகு கத்தரிக்கு நகர்கின்றன. கத்தரியில் கரைசல் அடித்தே தீரவேண்டிய நாளில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, தட்டைப்பயறின் மேல் சாரல் படாதபடி ஓரத்து இரண்டு வரிசைகளை விட்டுவிட்டே தெளிப்பானை முதுகில் ஏற்றுவது. இலையின் அடியில் புழு மூன்றாம் பருவத்தில் இருந்தால், அது கூட்டுப்புழுவாகி வண்டாக வெளிவரும்வரை ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப்போடுவதும் உண்டு. அதற்குள் காய்ப்புழு சில கூடைக் கத்தரியைக் கெடுத்துவிடும், பல்லடம் சந்தையில் அந்தக் காய் விலைபோகாது. அந்த நஷ்டத்தைக் கணக்கில் எழுதிவைத்துக்கொண்டுதான் விவசாயம் செய்கிறேன்.